டவுன்லைனுக்கு புரமோஷன், எனக்கு 1,86,440 நஷ்டம்: நேரடி விற்பனையில் இருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1,86,440. மூன்றே மாதத்தில் போனது. கமிஷனாகத் திரும்பி வந்ததைக் கழித்த பிறகுதான் இவ்வளவு. யாரும் பூட்டை உடைத்து எடுத்துப் போகவில்லை. நானே என் போனில், என் கையால் ஓடிபி போட்டு அனுப்பிய பணம். அதை நினைத்தால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேஸ், நோட்டீஸ் என்று வந்தால் தாங்குகிற தெம்பு இப்போது எனக்கு இல்லை. சத்து மாவு, க்ரீம், வீடு துடைக்கிற திரவம் என்று எல்லாவற்றையும் ஆட்கள் மூலமாகவே விற்கிற நேரடி விற்பனை நிறுவனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எதையெல்லாம் பார்த்து நடக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஆள் சேர்க்கச் சொல்லி ஏமாற்றிய கதை என்று நினைக்காதீர்கள். அந்தக் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். என் விஷயத்தில், என் டவுன்லைனில், அதாவது எனக்குக் கீழே, இருந்த ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தப் பதவி உயர்வில்தான் எனக்கு அடி.

இரண்டரை வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அப்போது டைரக்டர் ரேங்க். எங்கள் திட்டத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் குழுவாக 4,000 பாயிண்ட் செய்தால் டைரக்டர் ஆகலாம். அதற்குப் பிறகு மாதாமாதம் 2,500 பாயிண்ட் காட்டினால்தான் அந்த ரேங்க் நிற்கும். ஒரு பாயிண்ட்டுக்கு ஏறக்குறைய 80-க்குப் பொருள் வாங்க வேண்டும். டைரக்டருக்குக் கமிஷன் 21 சதவீதம். கீழே இருப்பவர் 15-ல் இருந்தால், அவருடைய வியாபாரத்தில் மீதி 6 சதவீதம் நமக்கு. இது எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான்.

என் குழு மாதம் 5,600 பாயிண்ட் செய்துகொண்டிருந்தது. அதில் 4,100 ஒரே பெண்ணின் லெக்கிலிருந்து, அதாவது அவளும் அவளுக்குக் கீழே சேர்ந்தவர்களுமான கிளையிலிருந்து, வந்தது. நான்தான் அவளைச் சேர்த்தேன். முதல் டெமோவுக்குக் கூடவே போய், அவள் கை நடுங்குகிறதே என்று டப்பாவை நான் வாங்கித் திறந்து காட்டினேன். என் அலைச்சல், என் நேரம் எல்லாம் அந்த ஒரு லெக்கில்தான் போட்டிருந்தேன். அவள் லெக்கிலிருந்து மட்டும் எனக்கு மாதம் 19,680 வந்துகொண்டிருந்தது.

ஒரு பயிற்சிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் அப்லைன் அண்ணன், அதாவது எனக்கு மேலே இருந்தவர், என்னை ஓரமாக உட்கார வைத்தார். பொருள் விளம்பரத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டார்.

“பாரும்மா, இது நீ. இது அந்தப் பொண்ணு. இவளை டைரக்டராத் தூக்கி விட்டுட்டேன்னு வை, உன் கீழ ஒரு டைரக்டர். இன்னொருத்தரையும் இப்படித் தூக்கினா நீ சில்வர் ரேங்க். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். தானா மேல போய்டுவ.”

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. கேட்கத்தான் செய்தேன். “அவ டைரக்டர் ஆயிட்டா அவ பாயிண்ட் என் குழுவுல சேராதுன்னு சொல்றாங்களே அண்ணா?”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். “உன் பிள்ளை டாக்டர் ஆயிட்டா, அப்புறம் அது உன் பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?”

நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை. அந்த ஒரு சிரிப்பின் விலை 1,86,440.

மேடையில் அவளுக்கு டைரக்டர் பேட்ஜை (பின்) குத்தியதே நான்தான். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த மாதம் முதல் தேதி காலையில் ஆப்பைத் திறந்தேன். குழு பாயிண்ட் என்ற கட்டத்தில் 5,600-க்குப் பதிலாக 1,500 என்று இருந்தது. ஆப் சரியாக லோட் ஆகவில்லை என்று நினைத்து இரண்டு முறை மூடித் திறந்தேன்.

ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. இதற்குப் பெயர் பிரேக்அவே. கீழே இருப்பவர் நமக்குச் சமமான ரேங்குக்கு வந்ததும், அவரும் அவருக்குக் கீழே உள்ள மொத்தப் பேரும் நம் குழுக் கணக்கிலிருந்து அப்படியே கழன்று தனிக் குழு ஆகிவிடுவார்கள். அவருக்கும் 21, நமக்கும் 21. வித்தியாசம் பூஜ்யம், அதனால் அந்த 19,680-ம் பூஜ்யம். அதற்குப் பதிலாக ‘தலைமுறை போனஸ்’ என்று ஒரு 4 சதவீதம் உண்டு. எங்கள் திட்டத்தில் அதற்கு இரண்டு கொக்கி. புதிய டைரக்டர் மூன்று மாதம் ரேங்கைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். அந்த மூன்று மாதமும், அதன் பிறகு ஒவ்வொரு மாதமும், அவளுடைய பாயிண்ட்டைச் சேர்க்காமல் நானும் என் 2,500-ஐக் காட்ட வேண்டும். இதெல்லாம் திட்டப் புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அண்ணன் வரைந்த தாளில் இல்லை.

பணத்தை விடுங்கள், குழுவே தலைகீழாகிவிட்டது. ஓடியாடி வேலை செய்கிறவர்கள் எல்லாம் அவள் பக்கம். எனக்கு மிஞ்சியவர்கள் முகத்துக்காகச் சேர்ந்தவர்கள், வருடத்துக்கு இரண்டு டப்பா வாங்குகிறவர்கள். அவள் டைரக்டர்களுக்கான தனி வாட்ஸப் குழுவுக்குப் போனாள். நேற்று வரை “அக்கா, இதை எப்படிச் சொல்றது?” என்று என்னைக் கேட்ட அவள் டவுன்லைன் பெண்கள் இப்போது அவளைக் கேட்டார்கள். அது நியாயம்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே லெக்கை நம்பிக் குழு கட்டினால், அந்த லெக் வளர்ந்து போகிற நாளில் கையில் என்ன இருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

என் ரேங்க் நிற்க வேண்டிய 2,500-க்கு 1,000 பாயிண்ட் குறைந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். “மூணே மாசம்மா. பல்லைக் கடிச்சிக்கிட்டு நீயே வாங்கிப் போட்டுரு. அப்புறம் அந்த நாலு பர்சென்ட் சாகுற வரைக்கும் வரும்.” வாங்கினேன். முதல் மாதம் 1,000, இரண்டாம் மாதம் 1,050, மூன்றாம் மாதம் 900. மொத்தம் 2,950 பாயிண்ட், 2,36,000-க்குச் சரக்கு. 21 சதவீதக் கமிஷன் போக 1,86,440. கட்டிலுக்கு அடியில் இடம் இல்லாமல் துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து சத்து மாவு டப்பாக்களை அடுக்கினேன். இன்றைக்கும் அலமாரியைத் திறந்தால் புடவையெல்லாம் வெனிலா வாசனை.

இன்னொன்று. ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்னால் ஆப்பில் ஒரு சின்னக் கட்டம் வரும். ‘முந்தைய சரக்கில் 70 சதவீதமாவது விற்றுவிட்டேன் அல்லது பயன்படுத்திவிட்டேன்.’ டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். “அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா, எல்லாரும் போடுறதுதான்” என்றார் அண்ணன். போட்டேன். பொய்தான். என் தப்பை மறைக்கவில்லை.

நான்காவது மாதம் என்னால் முடியவில்லை. ரேங்க் இறங்கியது. இறங்கியதும் இன்னொரு விதி விழித்துக்கொண்டது. அதன் பெயர் ரோல்அப், சிலர் கம்ப்ரஷன் என்பார்கள். நடுவில் இருப்பவர் தகுதி இழந்தால் அவருக்குக் கீழே உள்ள டைரக்டர், மேலே தகுதியோடு இருப்பவரிடம் ஏறிவிடுவார். நான் சேர்த்து, நான் பழக்கி, நான் பின் குத்திய பெண் இப்போது அண்ணனின் நேரடி டைரக்டர். அவளுக்கான 4 சதவீதம், மாதம் 13,120, அவருக்குப் போகிறது. எனக்கு ஒரு மாதம்கூட அது வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மேடையேறி அடுத்த ரேங்க் வாங்கினார். அதற்கு அவருக்குக் குறைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு நேரடி டைரக்டர்.

அன்றே இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வட்டம் வரைந்தாரா? தெரியாது. விதி தெரியாதவர் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அதன் பிறகு நான் பட்ட பாடு தனிக் கதை. சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். சீல் உடைக்காத பொருளை 90 சதவீத விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், “உங்கள் ஸ்பான்ஸரிடம் பேசுங்கள் மேடம்.” ஸ்பான்ஸரிடம், அதாவது அண்ணனிடம், கேட்டால், “கம்பெனி பாலிசிம்மா, நான் என்ன பண்ண?” திரும்பவும் கேட்டால், “பொறு, மேல பேசிட்டிருக்கேன்.” அப்புறம், “இப்ப ஒரு மீட்டிங்ல இருக்கேன்.” அப்புறம் நீல டிக் மட்டும்.

ஒருவழியாகப் புகார் எண் வாங்கினேன். பதில் என்ன தெரியுமா? முதல் இரண்டு மாதச் சரக்கை நான் ‘விற்றுவிட்டதாக’ நானே உறுதி சொல்லியிருக்கிறேனாம். விற்ற பொருளை எப்படித் திருப்பித் தர முடியும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். அந்த டிக்! மூன்றாம் மாதச் சரக்குக்கு அந்த டிக் இல்லை. ஆனால் பில் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. அந்த 30 நாளையும் அண்ணனின் “பொறு”வும் “பேசிட்டிருக்கேன்”னும் தின்றுவிட்டன. புகாரின் நிலை இப்போது ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. வாட்ஸப் குழுவில் இதைக் கேட்டு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். “இங்கே நெகட்டிவ் பேச்சு வேண்டாம்” என்று ஒரு பதில், ஒரு கும்பிடு படம். பத்து நிமிடத்தில் நான் குழுவில் இல்லை.

இந்த 70 சதவீத விதி எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். 1979-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு, ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது (நான் இருந்தது அந்த நிறுவனம் இல்லை, தேவையில்லாமல் முடிச்சுப் போடாதீர்கள்). அது பிரமிட் திட்டம் (பொருளை விற்பதை விட்டு ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கிற திட்டம்) அல்ல என்று முடிவு செய்ததற்குச் சொன்ன காரணங்களில் மூன்று: வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையாக விற்றதைக் காட்ட வேண்டும், விலகுகிறவரின் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் இருந்த விதிகள். அதாவது என்னைப் போன்றவர்கள் தலையில் சரக்கைக் கட்டாமல் இருப்பதற்கான விதி அது. அதையே ஒரு டிக் கட்டமாக்கி என் பணத்தைத் தராமல் இருக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2016-ல் அதே அமைப்பு ஹெர்பலைஃப் என்ற இன்னொரு நேரடி விற்பனை நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டில், அமெரிக்காவில் விநியோகஸ்தர்களுக்குத் தரும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, சரிபார்த்த சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று எழுதி வாங்கியது. டிக் போட்டால் போதும் என்று விட்டுவிடவில்லை. எங்கள் நிறுவனத்தில் நான் யாருக்கு விற்றேன் என்று மூன்று மாதத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இன்று மதியம் அந்தப் பெண் கூப்பிட்டாள். இதை இன்றைக்கே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் அதுதான். அவள் லெக்கில் ஒரு பையன் நன்றாகச் செய்கிறானாம், அவனை டைரக்டர் ஆக்கலாம் என்கிறார்களாம். “அண்ணா பேப்பர்ல வரைஞ்சு காட்டினார்க்கா” என்றாள். அவன் போனால் உனக்கு மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “பார்க்கலைக்கா” என்றாள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, கையும் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

திட்டப் புத்தகத்தில் பிரேக்அவே, ரோல்அப் இரண்டும் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். காட்டாமல் படம் வரைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவரை உயர்த்துவதற்கு முன் அவர் லெக்கை மொத்தமாகக் கழித்துவிட்டு, மிச்சத்தில் உங்கள் ரேங்க் நிற்குமா என்று பாருங்கள். நிற்காது என்றால், இன்னொரு லெக் வளரும்வரை அவசரப்படாதீர்கள். ஆளுக்கு இரண்டே லெக் இருக்கிற பைனரி திட்டம் என்றால் பிரேக்அவே இருக்காது, ஆனால் இரண்டு பக்கத்தில் பலவீனமான பக்கத்துக்குத்தான் கமிஷன். அங்கேயும் குறைகிற பாயிண்ட்டை நீங்களே வாங்கி நிரப்பச் சொல்வார்கள். ரேங்கைக் காப்பாற்ற ஒரு டப்பாகூட வாங்காதீர்கள். விற்காததை விற்றேன் என்று டிக் போடாதீர்கள். திருப்பித் தருவதென்றால் அப்லைனிடம் போகாமல் முதல் நாளே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்த விளம்பரத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது இதே போல மாட்டியிருந்து, நுகர்வோர் புகார் வரைக்கும் போயிருந்தால் கீழே சொல்லுங்கள். அந்தத் தாளும் ஒரு ஆதாரமாக எடுபடுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். 1,86,440.