1977ஆம் ஆண்டுப் பின்பால் மெஷினுக்கு ஒரு ஃபிளிப்பர் கிட்: வாங்கலாமா?

பாலி நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘எய்ட் பால்’, 20,000க்கும் மேல் விற்பனையான பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் உருளும் பந்தை அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு) என்பதால், அதற்கு உதிரி பாகம் கிடைப்பது இன்றும் பெரிய சிரமமில்லை. அமெரிக்காவில் பழைய மெஷின்களுக்கான உதிரிகளை இணையத்தில் விற்கும் ஒரு கடையிலிருந்து நான் வாங்கிய ஃபிளிப்பர் (பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் சிறு துடுப்பு) கிட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. இரண்டு ஃபிளிப்பருக்கும் வேண்டிய பிளஞ்சர் (காயில் என்ற மின்காந்தக் கம்பிச்சுருள் உள்ளே இழுக்கும் இரும்புத் தண்டு), அதை ஃபிளிப்பர் தண்டோடு இணைக்கும் துண்டு, காயிலுக்குள் செருகும் நைலான் குழல், காயில் ஸ்டாப் (பிளஞ்சர் முட்டி நிற்கும் எஃகுத் துண்டு), ஸ்பிரிங், திருகுகள், இவற்றோடு இரண்டு ‘எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்’ சுவிட்சுகள் பொட்டலத்தில் உள்ளன. காயில் இல்லை. பக்கவாட்டுப் பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுகளும் இல்லை. இதுதான் என் முதல் குறை.

காரணம் இதுதான். இந்தக் காலத்து மெஷின்களில் ஃபிளிப்பர் காயிலுக்குப் போகும் முழு மின்னோட்டமும் பொத்தான் சுவிட்ச், எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச் ஆகிய இரண்டின் வழியாகவே பாய்கிறது. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு: பந்தை அடிப்பதற்குத் தடித்த கம்பியாலான ஒன்று, பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது ஃபிளிப்பரைத் தூக்கியபடியே நிறுத்துவதற்கு மெல்லிய கம்பியாலான மற்றொன்று. மூடியே இருக்கும் எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்ச், ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் திறந்து, மின்னோட்டத்தை மெல்லிய சுற்றின் வழியாகத் திருப்பிவிடுகிறது. காயிலுக்கு வரும் மின்னழுத்தம் 43 வோல்ட். அடிக்கும் சுற்றின் மின்தடை 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 11 ஆம்பியர் பாய வேண்டும். சுவிட்சின் கருத்துப்போன பாயின்ட்டுகள் (தொடுமுனைகள்) ஒரே ஒரு ஓம் கூட்டினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், பந்து மேல்முனைவரை ஏறாது.

ஆகவே ஃபிளிப்பர் பலமில்லாமல் அடிக்கிறது என்றால் கிட் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது இந்த இரண்டு சுவிட்சுகளைத்தான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை வைத்து மூடிய நிலையில் ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். (இணைப்பு உள்ளபோது, மெஷினின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டிக்குள் கை விடவே கூடாது, ஸ்கோர் காட்டும் டிஸ்ப்ளேக்களுக்காக அங்கே 190 வோல்ட் ஓடுகிறது.) இவை டங்ஸ்டன் பாயின்ட்டுகள். பழைய மோட்டார் சைக்கிளின் சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயின்ட்டைத் தீட்டிய கை உள்ளவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல: சிறிய அரத்தால் கருப்பு போகும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். அதே அரத்தை அதே மெஷினில் ஸ்கோர் பதியும் சுவிட்சுகளின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அவற்றின் முனையில் உள்ள தங்கப் பூச்சு போய்விடும். அங்கே ஒரு விசிட்டிங் கார்டைச் சொருகி இழுப்பதே சரியான முறை.

அப்படியானால் இந்த கிட் எதற்கு? சுவிட்சைச் சரிசெய்தாலும் அந்தச் சரி நிலைக்காததற்குத் தேய்ந்த பாகங்களே காரணம். இணைப்புத் துண்டின் துளை அகன்றுவிட்டால், பிளஞ்சர் உள்ளே முட்டி நின்ற பிறகும் ஃபிளிப்பர் தண்டு முழுதாகத் திரும்பாது. அதனால் சுவிட்ச் திறக்காது, அடிக்கும் சுற்று அணையாமல் எரியும், காயில் கம்பியின் வார்னிஷ் கருகும் வாசனை வரும், கடைசியில் ஃபியூஸோ காயிலோ போகும். காயில் ஸ்டாப் குழிந்திருந்தால் பிளஞ்சர் அளவுக்கு மேல் உள்ளே போய், சுவிட்ச் தேவைக்கு மேல் வளைந்து, பாயின்ட்டைத் தாங்கும் தகடு தளர்ந்துவிடும். கழற்றிய என் பழைய ஸ்டாப்பின் முகத்தில் கிண்ணம் போன்ற பள்ளமும் அதன் ஓரத்தில் பிசிறும் இருந்தன. இந்த வகையில் கிட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது: புதிய ஸ்டாப்பின் எஃகு உறுதியானது, குழல் காயிலுக்குள் பிடிக்காமல் வழுக்கி இறங்குகிறது, இணைப்பில் ஆட்டமே இல்லை.

சுவிட்சுகளைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. பாயின்ட்டுகள் நல்லவை, ஆனால் தகடுகள் விறைப்பானவை, பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் இரண்டில் ஒன்று உச்சியில் மயிரிழை அளவுக்குத்தான் திறந்தது. முதலில் தகடுகளை இறுக்கும் திருகுகளை முடுக்கிவிட்டு, அதன் பிறகே தகட்டை வளைக்க வேண்டும். முறை மாறினால், திருகை முடுக்கும்போது இடைவெளி மறுபடி மாறிவிடும். ஃபிளிப்பரைக் கையால் உச்சிவரை தள்ளிப் பார்த்து, 2 முதல் 3 மில்லிமீட்டர் திறக்கும்படி வைப்பது பாதுகாப்பானது. மிக முன்னதாகவே திறந்தாலும் அடி பலவீனமாகும் என்பதை மறக்கக் கூடாது. இவை எதையும் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூட பொட்டலத்தில் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விற்கும் பொருளில் இது பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

கிட்டால் தீராத கோளாறுகளும் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது ஃபிளிப்பர் படபடவென்று ஏறி இறங்கினால், பெரும்பாலும் மெல்லிய சுற்றின் கம்பி காயிலின் முனையில் அறுந்திருக்கும். சால்டரிங் அயர்ன் போதும். இரண்டு ஃபிளிப்பரும் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் சுவிட்சைத் தொடவே வேண்டாம். ஃபியூஸையும், காயில்களை இயக்கும் சோலினாய்டு டிரைவர் போர்டில் உள்ள ஃபிளிப்பர் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

பல வருடங்களாகத் திறக்கப்படாத மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். பாகங்களில் ஆட்டம் இல்லாதவர்களுக்கு அரமும் மீட்டருமே போதும். வாங்குபவர்கள் பொத்தான் சுவிட்சுகள் இரண்டையும் அதே ஆர்டரில் தனியாகச் சேர்த்துக்கொண்டால், இன்னொரு முறை தபால் செலவு கட்ட வேண்டியிருக்காது.