யூஸ்நெட்டா, பிபிஎஸ்ஸா: பழைய விவாதங்களை எங்கே படிப்பது?

கணினி வழியே ஆட்கள் கூடிப் பேசத் தொடங்கிய காலத்தை அவர்கள் எழுத்திலேயே படிக்க ஆசைப்பட்டேன். தொலைபேசி வழியே ஒருவரின் கணினிக்குள் போய் மடல் எழுதிப் படிக்கும் அறிவிப்புப் பலகையான பிபிஎஸ், பல கணினிகள் மடல்களைப் பகிர்ந்துகொள்ளும் யூஸ்நெட் என்று முன்னால் இரண்டு வழிகள். நான் யூஸ்நெட் பக்கம் போனேன்.

மூத்தது பிபிஎஸ்தான். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பலகையைத் தொடங்கினார்கள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு டோன்தான். பேசியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அந்த நெருக்கம் வேறெங்கும் இல்லை என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். நான் டயல் செய்து உள்ளே போனவன் இல்லை என்பதால் அவர்கள் சொல்லையே ஏற்கிறேன்.

யூஸ்நெட் 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரின் யோசனை. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் கூப்பிட்டு மடல்களைக் கைமாற்றிக்கொள்ளும்.

வேகம், வசதி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: எழுதியதெல்லாம் எங்கே இருந்தது?

பிபிஎஸ்ஸில் அது நடத்துபவர் வீட்டு டிஸ்கில் இருந்தது. டிஸ்க் போனால், அவருக்கு ஆர்வம் போனால், பேச்சும் போச்சு. யூஸ்நெட்டிலும் இடம் போதாமல் பழைய மடல்களை அழித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் ஒரே மடல் ஊர் ஊராகப் பல கணினிகளில் இருந்ததால், எங்கோ ஒருவர் எடுத்துவைத்தால் போதும். டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைக் கவனித்த ஹென்றி ஸ்பென்சர் எடுத்துவைத்தார். 1981 முதல் 1991 வரை, 141 காந்த நாடாக்கள், ஏறத்தாழ 20 லட்சம் மடல்கள். 2001இல் அவை கூகுளின் ‘குரூப்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தன. அந்த மனிதருக்கு நாம் பெரிய கடன் பட்டிருக்கிறோம்.

நாடாக்களுக்குச் சற்றுப் பிந்தைய ஒரு மடலும் இப்படித்தான் தப்பியது. 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்கிறார். தான் செய்யும் புதிய இயங்குதளம் வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்கிறார். அதுதான் லினக்ஸ்.

பிபிஎஸ் பக்கமும் நியாயம் உண்டு. பிபிஎஸ்களை இணைத்த ஃபிடோநெட் வலையில் 1986இல் எக்கோமெயில் என்ற பொது விவாத வசதி வந்தபிறகு அங்கேயும் மடல்கள் பலகைக்குப் பலகை போயின. அங்கே என் வாதம் தளரும். பழைய கணினிக் கோப்புகளைச் சேகரிக்கும் ஜேசன் ஸ்காட் சேர்த்துவைத்தவற்றிலும் பிபிஎஸ் கால எழுத்து நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு சண்டையை முதல் கேள்வியிலிருந்து கடைசிப் பதில்வரை தொடர வேண்டுமென்றால் யூஸ்நெட்தான் தோது.

கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் யூஸ்நெட்டின் புதிய மடல்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழையவற்றை அங்கேயே தேடிப் படிக்கலாம்.