ஒன்பது ராத்திரி, ஒரு பச்சைத் திரை: ராயபுரம் பக்கத்தில் இஃதிகாஃப்

மண்ணடியில் போல்ட், நட்டு, வாஷர் விற்கும் கடை எனக்கு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரைக்கும் "பாய், முக்கால் இன்ச் இருக்கா?" என்று யாராவது கேட்டபடியே இருப்பார்கள். அதனால் இந்த ரமலான் நோன்பில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கடைசிப் பத்து நாளுக்கு இஃதிகாஃப் இருக்கப் போனேன், அதாவது பள்ளிவாசலிலேயே தங்கி வணக்கத்தில் இருப்பது. ராயபுரம் பக்கம் ஒரு பள்ளிவாசல். குறையும் எழுதப் போவதால் பெயர் வேண்டாம்.

20ஆம் நோன்பு அன்று சூரியன் மறையும் நேரத்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் உள்ளே போனால், பெருநாள் பிறை தெரிந்த பிறகுதான் வெளியே. கழிப்பறை மாதிரித் தவிர்க்க முடியாததற்கு மட்டும் எழுந்து போகலாம். சாப்பாட்டுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். தூண்களுக்கு நடுவே நைலான் கயிறு கட்டிப் பச்சைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் படுத்தால் மிச்ச இடத்தில் பை வைக்கலாம். மொத்தம் 14 பேர். தனிமை என்று நினைத்துப் போனவனுக்கு முதல் ராத்திரி கிடைத்தது 13 விதமான குறட்டை. காசிமேட்டிலிருந்து காற்று திரும்பினால் மீன் வாடை வேறு.

நோன்பு திறக்கும் கஞ்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூண்டும் வெந்தயமும் கரைந்து, தேங்காய்ப்பால் மேலே லேசாகத் திரண்டு நிற்கும். கூடவே மொறுமொறுவென்று மசால் வடை, புதினாத் துவையல். சமைக்கும் பண்டாரி கைக்கு மோதிரம் போடலாம். விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு சுமார்தான், நான்கு நாள் அதே கத்தரிக்காய்.

பெரிய குறை சார்ஜ் போடும் இடம். இரண்டே சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் வரிசை நிற்கும். பக்கத்துத் திரைக்குள்ளிருந்து ஒருவர் "கன்டெய்னர் எப்ப இறங்குது?" என்று கிசுகிசுப்பார். நானும் யோக்கியன் இல்லை, தம்பியிடம் தினமும் வசூல் கணக்கு கேட்டேன்.

இந்தப் பள்ளிவாசலுக்குப் போகலாம் என்று நான் சொல்வது தொழுகை நடத்தும் ஹஜ்ரத்துக்காக. மதிய லுஹர் தொழுகைக்கு அப்புறம் பத்தே நிமிஷம் பேசுவார், மைக் கிடையாது. கல்லூரி முடித்த ஒரு பையன் எங்களோடு இருந்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய் அமல், வணக்கம் என்று செய்துகொண்டே இருந்துவிடலாம்போல இருக்கிறது என்றான். ஹஜ்ரத் அந்த மூன்று பேர் கதையைச் சொன்னார். ராத்திரி முழுக்கத் தொழுவேன் என்றார் ஒருவர், விடாமல் நோன்பு வைப்பேன் என்றார் இன்னொருவர், கல்யாணமே வேண்டாம் என்றார் மூன்றாமவர். நபி (ஸல்) அவர்கள் கேள்விப்பட்டு, நான் நோன்பும் வைக்கிறேன், விடவும் செய்கிறேன், தொழுகிறேன், தூங்குகிறேன், மணமும் முடிக்கிறேன், என் வழியை வேண்டாம் என்பவர் என்னைச் சேர்ந்தவர் அல்லர் என்றார்கள். குர்ஆன் 57:27இலும், ஈசா நபியின் (இயேசுவின்) வழி வந்தவர்கள் துறவைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள், நாம் விதிக்கவில்லை என்றுதான் வருகிறது.

பையன் விடவில்லை. "அப்போ நம்ம குணங்குடி மஸ்தான் சாகிபு?"

மஸ்தான் சாகிபு துறவியாக வாழ்ந்த சூஃபிக் கவிஞர், தொண்டிப் பக்கம் ஊரை விட்டுப் புறப்பட்டு, 1838இல் இதே ராயபுரத்தில் அடங்கியவர். ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "புதருக்குள்ள போய் உக்காந்தாலும் ஜனங்க விட்டாங்களா தம்பி? தொண்டியார் பேட்டைதான் தண்டையார்பேட்டை ஆச்சுன்னு ஊரே சொல்லுது. அப்புறம் எங்க தனிமை?"

25ஆம் நோன்பு ராத்திரி என் மனைவி துவைத்த லுங்கியும் ஒரு டப்பாவில் வட்டிலப்பமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாங்கு சொல்லும் மோதினார், பொம்பளைங்க இங்கே வரக் கூடாது என்று விரட்டாத குறை. ஹஜ்ரத் எழுந்துபோய் அவரிடம் மெதுவாகச் சொன்னார்: நாயகம் இஃதிகாஃப் இருக்கும்போது மனைவி ஸஃபிய்யா பார்க்க வந்தார்கள், பேசிவிட்டுக் கிளம்பும்போது நாயகமே எழுந்து பள்ளியின் வாசல் வரை கூட வந்தார்கள். நாயகம் பள்ளிக்குள்ளிருந்து தலையை நீட்ட, இன்னொரு மனைவி ஆயிஷா அம்மா தன் அறையில் இருந்தபடியே தலை வாரிவிட்டதும் உண்டு.

மோதினார் நாற்காலி எடுத்துவந்து போட்டார். அவள் உட்காரவில்லை. "ஏங்க, கேஸ் புக்கை எங்க வச்சீங்க?" என்றாள். ஐந்து நாளாகத் தேடியிருக்கிறாள். பீரோவுக்கு மேலே, காலண்டருக்கு அடியில் என்றேன். அந்த ராத்திரி நான் போனை எடுக்கவே இல்லை.

29ஆம் நோன்பிலேயே பிறை தெரிந்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியைப் பார்த்து, அடுத்த வருஷத்துக்கு நல்லதாக இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் பாய். இருக்கறதையும் கழட்டிடலாம்னு பாக்கறோம்" என்றார்.

சரி, ஸ்க்ரூ டிரைவர் கடையில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.