கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2014 இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்து, 2021 நவம்பரில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இப்போதைய பெயரைப் பெற்ற, கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் கடையின் விவரங்களைக் காட்டும் இந்தக் கட்டணமில்லாச் சேவையை, எங்கள் சிறிய தையல் கடைக்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தேடும்போது கடை கண்ணில் படுவதற்கு இதைவிடப் பயனுள்ள வழியை நான் காணவில்லை. ஆனால், ஒருமுறை பதிவு செய்துவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு அந்தப் பயன் கிடைப்பதில்லை.

தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் வைத்தே கடைகளின் வரிசை அமைகிறது என்று கூகுளே சொல்கிறது. பணம் கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது. விளம்பரம் என்பது தனி இடம். தொலைவு நம் கையில் இல்லை என்பதால், கடைக்குள் உட்கார்ந்துகொண்டு நம் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்து முதலிடத்தில் இருக்கிறோம் என்று மகிழ்வதில் பொருளில்லை. சில தெருக்கள் தள்ளி நின்று தேடினால் வரிசையே மாறியிருக்கும்.

நம் கையில் இருப்பவற்றுள், கடை என்ன தொழில் செய்கிறது என்று குறிக்கும் முதன்மை வகையைத் தேர்ந்தெடுப்பதே மிக முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு முதன்மை வகையையும் அதிகபட்சம் ஒன்பது கூடுதல் வகைகளையும் சேர்க்கலாம். 'துணிக்கடை' என்ற பொதுவான வகையை விட்டு, உண்மையில் செய்யும் வேலையைக் குறிக்கும் 'தையற்காரர்' என்பதை முதன்மையாகவும், ஆடைகளை அளவு திருத்தித் தருவதைக் கூடுதல் வகையாகவும் வைத்த பிறகுதான், வேலையோடு வருபவர்களின் அழைப்புகள் கூடின. கடைப்பெயருக்குள் 'சிறந்த', 'மலிவான' போன்ற சொற்களையும் ஊர்ப் பெயரையும் திணிக்கும்படி சொல்பவர்கள் உண்டு. பெயர்ப்பலகையில் உள்ள பெயரே இங்கும் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் பக்கமே முடக்கப்படலாம் என்பதால், அந்த ஆலோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

ரிவ்யூ கேட்பதில் தவறில்லை, ஆனால் அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ தருவதும், மனநிறைவோடு போகிறவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும் விதிக்குப் புறம்பானவை. ஆகவே, துணியை வாங்கிச் செல்லும் எல்லோரிடமும் ஒரே மாதிரியாக, என்ன வேலை செய்து வாங்கினார்கள் என்பதையும் எழுதும்படி கேட்கிறோம். வெறும் ஐந்து நட்சத்திரத்தைவிட, 'பழைய சட்டையைத் தோள்பட்டையில் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார்கள்' என்ற ஒரு வரி, அதே வேலைக்காகத் தேடும் இன்னொருவருக்கு எவ்வளவோ பயன்படும். குறை சொல்லி எழுதியவருக்கு நிதானமாகவும் குறிப்பாகவும் தரும் பதிலை, அவரைவிட அடுத்து வரப்போகிறவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள்.

திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறை நாட்களுக்கான சிறப்பு நேரத்தையும் விடாமல் புதுப்பியுங்கள்; பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் மறுபடி வருவது அரிது. விவரங்களுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், அவ்வப்போது உள்ளே சென்று பார்ப்பதும் அவசியம். படங்களைப் பொறுத்தவரை, கடையின் முகப்பு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

இந்தச் சேவையோடு சேர்ந்து கிடைத்த எளிய இணையதளங்கள் 2024 மார்ச்சிலும், வாடிக்கையாளரோடு செய்தி அனுப்பி உரையாடும் வசதி அதே ஆண்டு ஜூலையிலும் நிறுத்தப்பட்டன. எனவே சொந்த முகவரியில் ஒரு சிறு இணையப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் அங்கும், பிங், ஆப்பிள் மேப்ஸ் போன்ற பிற தேடல், வரைபடச் சேவைகளிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

பலனை அளக்க, பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொற்களைத் தேடி நம்மிடம் வந்தார்கள் என்பவற்றையே மாதந்தோறும் பார்க்கிறேன். அந்தச் சொற்களில் நாம் செய்யும் வேலை ஒன்று தென்படவே இல்லையென்றால், சேவைகளின் பட்டியலில் அதைத் தெளிவாக எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் பார்க்க வேண்டும்.