சுடுதண்ணித் தாங்கி ஒழுகிய இரவில் டேப்லெட்டில் வைத்த கையெழுத்து

ரொறன்ரோப் பக்கம் பேஸ்மென்ட்டை வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள், அதிலும் சுடுதண்ணித் தாங்கியை மாத வாடகைக்கு வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கவே கூடாது.

போன ஜனவரி, ஸ்காபுரோவில் எங்கள் வீடு. விடியற்காலை மூன்று மணிக்குக் கீழே இருக்கிற பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பொடியன், கதவைத் தட்டி "அண்ணை, கீழ முழுக்கத் தண்ணி" என்றான். இறங்கிப் போனால் படுக்கையறைக் கார்பெட் வரைக்கும் தண்ணி. தாங்கியின் அடிப்பகுதி துருப்பிடித்துப் பிளந்திருந்தது, வயது 13. சாதாரணமாக 8 முதல் 12 வருடம்தான் இவை தாங்கும், உள்ளே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ள ஒரு உலோகக் கம்பி இருக்கிறது, அது கரைந்து முடிந்த பிறகு துரு தாங்கியைத்தான் தின்னும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

50 கலன், அதாவது கிட்டத்தட்ட 190 லீற்றர் ஒழுகி முடிந்தால் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் வாளியோடு நின்றேன். நிற்காது. மேலே பச்சைத்தண்ணிக் குழாய் திறந்திருக்கும்வரை அது நிரம்பிக்கொண்டும் ஒழுகிக்கொண்டும்தான் இருக்கும். அந்தக் குழாயிலேயே, தாங்கியின் தலைக்குப் பக்கத்தில் ஒரு வால்வ் இருக்கிறது. எங்களுடையது இறுகிப்போய்த் திரும்பவில்லை. கடைசியில் மனைவிதான் தண்ணி மீற்றருக்குப் பக்கத்தில் வீட்டின் முழுத் தண்ணியையும் நிறுத்தும் வால்வைக் கண்டுபிடித்தாள், அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. தரையில் இருந்த வடிகாலின் மேல் நாங்களே அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். மின் இணைப்புப் பலகையும் அதே அறையில்தான், அந்தத் தண்ணிக்குள் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், நினைத்தால் இன்னும் நடுங்குகிறது.

தாங்கியின் சொந்தக்காரக் கொம்பனிக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், அன்று வெள்ளி. வேறு வழியில்லாமல் இணையத்தில் தேடி, முதலில் வந்த "24 மணிநேர அவசர சேவை" நம்பருக்கு அழைத்தேன். இங்கேதான் பிழை விட்டேன்.

ஆறு மணிக்கு இரண்டு பேர் வந்து தண்ணியை உறிஞ்சினார்கள், அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஒருவர், பழைய தாங்கியை நாங்களே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், இன்றைக்கே புதுசு போட்டுத் தருகிறோம், முதல் மூன்று மாதம் காசில்லை என்றார். டேப்லெட்டை நீட்டி "வேலை தொடங்க அனுமதி மட்டும்தான்" என்றார். திரையில் கையெழுத்துப் போடும் கட்டம் மட்டுமே தெரிந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள், வெளியே மைனஸ் 15, நித்திரையில்லாத கண். போட்டுவிட்டேன்.

ஆறு நாள் கழித்து மின்னஞ்சலில் 28 பக்க ஒப்பந்தம் வந்தது. பத்து வருட வாடகை, மாதம் 89.99 டொலரும் வரியும், வருடா வருடம் கூடும். இடையில் விலகினால் 9,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் பத்து வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது, அதே அளவுத் தாங்கியை வாங்கிப் பூட்ட உரிமம் உள்ள பிளம்பர் என்னிடம் கேட்டது 2,300. இது போதாதென்று பழைய கொம்பனியும் பில் அனுப்பியது, தங்கள் தாங்கியைக் காணவில்லையாம். திருப்பிக் கொடுக்கிறோம் என்றவர்கள் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

தண்ணி உறிஞ்ச வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன உலர்த்தும் காற்றாடிகள் 11, ஈரம் இழுக்கும் இயந்திரங்கள் 3, ஒன்பது நாள் ஓடின, ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் காசு. இன்சூரன்ஸிலிருந்து வந்த பெண் கேட்ட முதல் கேள்வி, ஒவ்வொரு நாளும் சுவரின் ஈரத்தை அளந்த பதிவு எங்கே என்பது. அப்படி ஒன்று இல்லை. நான்கு நாளுக்கு மேல் தர மாட்டோம் என்றார், மிச்சத்தை அந்த அவசர சேவைக்காரர் என்னிடம் கேட்கிறார்கள். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு இருந்தால் அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டிக் கேட்க முடியாது. என்னிடம் அது இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திராது.

2018 மார்ச் 1 முதல் இங்கே வீடு வீடாக வந்து சுடுதண்ணித் தாங்கி விற்பது தடை. "நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்" என்று அந்த அவசர சேவைக்காரர் வாதாடுகிறார்கள். நான் கூப்பிட்டது தண்ணி இறைக்க. எப்படியோ, வீட்டில் வைத்துப் போடும் ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். நான் பிரதி வந்த இரண்டாம் நாளே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினேன். போனில் சொன்னால் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்பார்கள். உடனே போன் வந்தது, உங்கள் வீட்டுப் பத்திரத்தில் பதிவு வைப்போம், வீட்டை விற்க முடியாது என்று மிரட்டினார்கள். இந்த மிரட்டலுக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பயந்து காசு கட்டியிருக்கிறார்கள். வாடகைத் தாங்கி மாதிரியான வீட்டுச் சாமான்களுக்கு அப்படிப் பதிவு வைப்பதை 2024 ஜூனில் மாகாண அரசு தடை செய்துவிட்டது. அவர்களிடம் அதைச் சொன்னேன், போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு மனம் ஆறாதது அந்தப் பொடியனின் விஷயம். லப்டொப், சான்றிதழ்கள் வைத்த பெட்டி எல்லாம் தரையில்தான் இருந்தன. என் இன்சூரன்ஸ் அவனுடைய சாமானுக்குச் செல்லாது, குடியிருப்பவர் தனியாக எடுக்க வேண்டும், நான் அவனுக்கு அதைச் சொல்லவே இல்லை. லப்டொப் காசை நான் கொடுத்தேன், சான்றிதழ்களை அவன் அம்மா ஊரில் அலைந்து மறுபடி எடுத்து அனுப்பினார். உங்கள் பேஸ்மென்ட்டில் ஆள் இருப்பதை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், மறைத்திருந்தால் கோரிக்கையையே மறுக்கலாம்.

மாகாண நுகர்வோர் அமைச்சில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வேறு தாங்கியைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிவிட்டேன், அவர்களுடையது கழற்றிய படியே கராஜில் நிற்கிறது, எடுத்துப் போகச் சொல்லி மூன்று தரம் எழுதியாகிவிட்டது. வரும்போது பெற்றுக்கொண்டோம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பேன்.