கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை

டொரண்டோவிலிருந்து ஊருக்குப் போனால் அப்பா அம்மாவுக்கு முழு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது வழக்கம். இந்த முறை வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவையில் பதிவு செய்தேன். சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தார், ஒரே குத்தில் எடுத்தார், ரிப்போர்ட்டும் போனுக்கே வந்துவிட்டது.

அப்பாவின் ரிப்போர்ட்டில்தான் சிக்கல். சிவப்பணுவின் சராசரி கன அளவைச் சொல்லும் எம்.சி.வி. 101 என்று இருந்தது. பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இயல்பு. அப்பா சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையால் வைட்டமின் பி12 குறையலாம், பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் கவலை.

எங்கள் டாக்டர் அடுத்த வரிகளையும் பார்த்தார். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம் பிடிக்கின்றன என்று சொல்லும் பி.சி.வி. 44.4. சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் எம்.சி.எச்.சி. 29.3, அதாவது குறைவு. "ரத்தம் எடுத்தது எப்போ, மெஷின்ல போட்டது எப்போ?" என்று கேட்டார். இரண்டு நேரமும் ரிப்போர்ட்டிலேயே இருந்தன. முதல் நாள் காலை கும்பகோணத்தில் எடுத்தது, மறுநாள் மதியம்தான் சென்னையில் பரிசோதனைக்குப் போயிருக்கிறது.

"வெளியில ரொம்ப நேரம் நின்னா அணு தண்ணியை இழுத்து ஊதிடும் சார். ஹீமோகுளோபின் மாறாது, எண்ணிக்கையும் மாறாது. அளவு மட்டும் ஏறும்," என்றார். மெஷின் பி.சி.வி.யை நேரடியாக அளப்பதில்லை. ஒவ்வொரு அணுவும் சிறு துளையைக் கடக்கும்போது எழும் மின் துடிப்பை வைத்துக் கன அளவைக் கண்டு, அதை எண்ணிக்கையோடு பெருக்குகிறது. எம்.சி.வி. தப்பானால் பி.சி.வி., அதை வைத்துக் கணக்கிடும் எம்.சி.எச்.சி. எல்லாமே தப்பாகிவிடும்.

அப்புறம் தெருமுனை லேபிலேயே புதிதாக ரத்தம் கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் எம்.சி.வி. 92, பி.சி.வி. 40.5 என்று வந்தது. அங்கிருந்த அக்கா மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுழற்றியும் காட்டினார். அதில் பி.சி.வி. 41 வந்தது. அணுக்களுக்கு நடுவே கொஞ்சம் பிளாஸ்மா மாட்டிக்கொள்வதால் இந்த முறையில் சற்றுக் கூடத்தான் காட்டுமாம்.

இவ்வளவு நேரம் தாமதமான ரத்தம் என்றால் ரிப்போர்ட்டில் ஒரு வரி எச்சரிக்கை போடுவது லேபின் கடமை. அது இல்லாதது எனக்குக் கோபம்தான். வெளியூருக்கு அனுப்பும் சேவையில் பதிவு செய்கிறவர்கள், ரத்தம் எங்கே, எத்தனை மணி நேரத்துக்குள் மெஷினுக்குப் போகும் என்று முதலிலேயே கேளுங்கள். பி12 அளவை டாக்டர் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்கு அது எப்படியும் பார்க்க வேண்டியதுதான்.