ஓவர்ஹால் முடிந்த எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைவு: வாஷரா, கெட்டி ஆயிலா, பொறுத்துப் பார்ப்பதா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது சீக்கிரம் பிடிபடும். ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கும், மோட்டார் தள்ளுகிற தண்ணீரில் மிச்சத்தைக் கிணற்றுக்கே திருப்பிவிடும், அதை மூடினால் கேஜில் முள் ஏறும். ஆனால் மோட்டாரே தண்ணீர் தூக்கவில்லை, அல்லது கடைசி வரிசையில் குழாய் கழன்று கொட்டிக்கொண்டிருக்கிறது என்றால், ஏற்கெனவே மூடிக்கிடக்கிற பைபாஸை மேலும் இறுக்கி என்ன பயன்? சின்ன விமான எஞ்சினில் இருக்கும் ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. மிச்சத்தைக் கழிக்கும், அவ்வளவுதான். பிரஷரை அது உண்டாக்குவதில்லை.

போன சித்திரையில், சேலத்து வெயிலில், ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துச் சேர்க்கும் வேலை, முடிந்து வந்த ஒரு லைகாமிங் ஓ-320 எஞ்சினைப் பார்த்தோம். செஸ்னா 172என் ரகச் சின்ன விமானத்தினுடையது. கேஜில் சரியான அளவைக் காட்டும் பச்சைக்கோடு 60 முதல் 90 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு), கீழ் சிவப்புக்கோடு 25, மேல் சிவப்புக்கோடு 100. பறக்கும்போது ஆயில் சூடு 95 டிகிரி, பிரஷர் 57. இறங்கிய பிறகு ஐடிலில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சும்மா சுற்றும்போது, 34. மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள்.

ஒருவர் வாஷர் போடச் சொன்னார். இந்த எஞ்சினின் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். உள்ளே ஒரு குண்டு, அதை அழுத்தும் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர்கள். ஒரு வாஷர் கூட்டினால் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ ஏறும். சில எஞ்சின்களில் வாஷருக்குப் பதில் திருகு வரும், கழற்றாமலே கூட்டிக் குறைக்கலாம். வசதிதான், ஆனால் எனக்கு வாஷர்தான் பிடிக்கும். எத்தனை போட்டோம் என்று எண்ணி லாக் புத்தகத்தில் எழுதலாம், அடுத்து வருகிறவருக்கும் அது புரியும், திருகை யார் எப்போது எவ்வளவு திருப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இன்னொருவர் ஆயிலை மாற்றச் சொன்னார். புதிதாகச் சேர்த்த எஞ்சினுக்கு முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் குடிப்பது ஒரு நிலைக்கு வரும் வரை, சாதா மினரல் ஆயில்தான் ஊற்றுவோம். நம் ஊர் வெயிலுக்கு ஏரோஷெல் 100, அதாவது எஸ்ஏஇ 50. அதைவிடக் கெட்டி 120. லைகாமிங் கணக்கில் 27 டிகிரிக்கு மேல் அதுவும் செல்லும், சூட்டில் ஐடில் பிரஷரைத் தூக்கியும் காட்டும். ஆனால் பேரிங் இடைவெளி (சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் ஓடும் சந்து) அதிகமாக இருந்தால் அதை மறைக்கவும் செய்யும், ஓவர்ஹால் முடிந்து நான்கே மணி நேரம் ஓடிய எஞ்சினில் எனக்கு முதலில் தெரிய வேண்டியதே அந்த இடைவெளிதான். தவறிப்போய் இதைவிட நீர்த்த 80 ஊற்றியிருந்தார்கள் என்றால் ஆயிலை மாற்றுவது நியாயம். இங்கே சரியான 100 தான் இருந்தது.

மூன்றாமவர் மூத்தவர், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு படியட்டும், 25 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்றார். அவர் பேச்சில் பாதி உண்மை. ரிங் படிந்தால் சிலிண்டரிலிருந்து கீழே கசியும் சூடான வாயு குறையும், ஆயில் சூடு கொஞ்சம் இறங்கும், பிரஷர் கொஞ்சம் ஏறும். ஆனால் பேரிங் ஒருநாளும் தானாக இறுகாது. பொறுத்துப் பார்க்கிறேன் என்று தரையிலேயே வெயிலில் நிறுத்தி ஓட்டுவது இன்னும் மோசம், ரிங் படிய 65 முதல் 75 சதவீத பவரில் பறந்தாக வேண்டும், தரையில் காய்ந்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மழமழத்துப் போய் ரிங் படியாமலே நின்றுவிடும்.

சரி, யார் சொன்னதைக் கேட்பது? அதை ஐடிலில் தெரியும் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஐடிலில் வால்வு மூடியே இருக்க வேண்டும், அதனால் சூடான எஞ்சினில் ஐடில் 34 என்றால் பம்பும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன, வால்வு மட்டும் சீக்கிரமே திறந்துகொள்கிறது. அதற்கு வாஷர்தான் மருந்து. அதற்கும் முன்னால் ஒரு நேரடி கேஜை எஞ்சினிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும், காக்பிட் கேஜை நம்பி வால்வில் கை வைக்கவே கூடாது. எங்களுக்கு இரண்டுக்கும் 2 பிஎஸ்ஐதான் வித்தியாசம், 59 காட்டியது.

இதற்கு முன் வேறொரு எஞ்சின் வந்தது, பறக்கும்போது 55, சூட்டில் ஐடிலில் 19. அதில் ஏற்கெனவே யாரோ இரண்டு வாஷர் கூட்டிவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று எங்களிடம் தள்ளிவிட்டார்கள். ஐடிலில் மூடியே இருக்க வேண்டிய வால்வு அது, அங்கே ஸ்பிரிங்கை இறுக்கி என்ன வரும்! கழற்றினால் குண்டு உட்காரும் இடத்தில் கடுகளவு தூள், குண்டு முழுசாக உட்காரவே இல்லை. அப்புறம் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, சல்லடையையும் பார்த்தோம், உலோகத் துகள் எதுவும் இல்லை. துடைத்துப் போட்டதும் ஐடில் 31-க்கு வந்தது, கூடுதல் வாஷர் இரண்டையும் எடுத்துவிட்டோம்.

சேலத்து எஞ்சினுக்கு அந்த மாடலின் மேனுவலைப் பார்த்து ஒரே ஒரு வாஷர் போட்டோம், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்திட்டார். அதே 95 டிகிரியில் நேரடி கேஜில் 64. மறுநாள் விடியற்காலையில், எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, முள் மேல் சிவப்புக்கோட்டைத் தொடவில்லை என்று பார்த்த பிறகுதான் எஞ்சினை மூடும் கவுலிங்கை மாட்டினோம்.